பெட்டிக்குள் இருக்கும் வைஃபை ஏன் கண்ணில் படவில்லை?

புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் காரைக்குடிக் கடையிலிருந்து பள்ளத்தூருக்கோ தேவகோட்டைக்கோ வீடு வந்து சேர்கிறது. "போர்டுலயே வைஃபை இருக்கு, தனியா எதுவும் வாங்க வேணாம்" என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸும் வந்துவிட்டது. ஆனால் திரையின் மூலையில் வைஃபை அடையாளத்தையே காணோம். இல்லாவிட்டால் அடையாளம் இருக்கிறது, அக்கம்பக்கத்துப் பெயர்கள்கூட ஒன்றிரண்டு தெரிகின்றன, நம் வீட்டு ரூட்டரின் பெயர் மட்டும் வந்து வந்து மறைகிறது.

இந்த இரண்டும் ஒரே கோளாறு அல்ல. முதலாவதில் வைஃபை சிப் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் சிப் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குச் சிக்னல்தான் எட்டவில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பாதி நாள் போய்விடும், பலன் இருக்காது. அதனால் எதையும் டவுன்லோடு செய்யும் முன்பு, உங்கள் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்டில் உண்மையில் என்ன இருக்கிறது

மதர்போர்டில் வைஃபை இருக்கிறது என்றால், விரல் அகலத்துக்கு ஒரு சின்ன அட்டை அதில் செருகப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பின்பக்க யூஎஸ்பி துளைகளுக்கு அருகில், ஒரு தகர மூடிக்குள் இருக்கும். வைஃபை, ப்ளூடூத் இரண்டையும் அந்த ஒரே அட்டைதான் பார்த்துக்கொள்கிறது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கிளம்பி, கேபினட்டின் பின்புறம் தெரியும் இரண்டு பித்தளை நிற மரைகளில் முடிகின்றன.

ஆகவே முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மரைகள் இருந்தால் வைஃபை இருக்கிறது. சில புதிய போர்டுகளில் மரைக்குப் பதில் அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் துளை வரும், அதுவும் இதே வேலைக்குத்தான். ஒன்றுமே இல்லை, அல்லது மரை வர வேண்டிய இடத்தில் தகடு அடைத்திருக்கிறது என்றால், உங்களிடம் இருப்பது வைஃபை இல்லாத வகை.

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே போர்டை வைஃபையுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு வகையாக நிறுவனங்கள் விற்கின்றன. பெயரின் கடைசிச் சொல்தான் வித்தியாசம். அசூஸ், எம்எஸ்ஐ போர்டுகளில் பெயரோடு 'வைஃபை' என்றே சேர்ந்து வரும். கிகாபைட்டில் 'ஏஎக்ஸ்' போன்ற எழுத்துகள் கடைசியில் நிற்கும். பில்லில் அந்தச் சொல் விடுபட்டிருந்தால், எந்த வகை வந்தது என்று அட்டைப் பெட்டியைப் பார்த்துச் சரிபாருங்கள். பெட்டி கைவசம் இல்லையென்றால் ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள், போர்டின் முழுப் பெயர் அதில் இருக்கும். இன்னொரு வகையும் உண்டு. அட்டை செருகும் துளை மட்டும் கொடுத்து, அட்டையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பார்கள். அது குறையில்லை, ஆனால் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியோடு போய்விடும் ஆன்டெனா

மரை இருக்கிறது, ஆனால் அதில் எதுவும் மாட்டவில்லை. இந்த நிலையில் ஓடும் கம்ப்யூட்டர்கள் எவ்வளவோ உண்டு. 'உள்ளேயே இருக்கிறது' என்று கேட்டவுடன், செல்போன் மாதிரி ஆன்டெனாவும் உள்ளேயே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். லேப்டாப்பில் ஆன்டெனா கம்பி திரையின் ஓரமாக ஓடுகிறது, செல்போனில் விளிம்பிலேயே பதித்திருக்கிறது. டெஸ்க்டாப்பின் கேபினட் இரும்புத் தகட்டால் ஆனது. ரேடியோ அலை அதைத் துளைத்து உள்ளே போகாது. ஆகவே ஆன்டெனா வெளியேதான் இருந்தாக வேண்டும்.

அந்த ஆன்டெனா மதர்போர்டின் அட்டைப் பெட்டிக்குள், அடியில், ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் வரும். அசெம்பிள் செய்கிறவர் போர்டை எடுத்துக்கொண்டு பெட்டியை ஓரமாக வைத்துவிடுகிறார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருகிறது, ஆன்டெனா கடையிலேயே தங்கிவிடுகிறது. ஆன்டெனா இல்லாமலும் அட்டை வேலை செய்வது போலத்தான் தெரியும். ரூட்டர் அதே மேசையில் இருந்தால் இணைப்பும் கிடைக்கும். ஓர் அறை தள்ளிப் போனால் செத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு "போர்டு வைஃபையே இப்படித்தான், வீக்" என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ஆன்டெனா மாட்டிய ஒரு போர்டு வைஃபை, பட்டாணி அளவில் வரும் யூஎஸ்பி வைஃபை டாங்கிளைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இழுக்கும்.

எனவே கம்ப்யூட்டரை வாங்கும்போது மதர்போர்டின் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்கி வாருங்கள். தொலைந்துபோயிருந்தாலும் கவலையில்லை, அந்த மரைக்குப் பொருந்தும் ஆன்டெனா தனியாகக் கிடைக்கிறது. இரண்டையும் மாட்டுங்கள், ஒன்று போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் தரவை அனுப்பிப் பெறுவதால்தான் சொன்ன வேகம் கிடைக்கிறது. கையால் திருகினால் போதும், குறடு வேண்டாம், மரை உடைந்துவிடும்.

குச்சி வகை ஆன்டெனாவில் ஒரு குறை. மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி, கேபினட்டுக்குப் பின்னால் அது மாட்டிக்கொள்கிறது. முன்பக்கம் இரும்புப் பெட்டி, பின்பக்கம் தடித்த சுவர். இன்னொன்று, போர்டின் பின்பக்கத்தில் ஆன்டெனா மரையும் யூஎஸ்பி 3 துளைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது, வைஃபையும் ப்ளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஃபோட்டோக்களை ஏற்றும் நேரம் பார்த்து ப்ளூடூத் மவுஸ் திணறுவதற்கு இது ஒரு காரணம். கம்பி வைத்த, மேசைமேல் நிற்கும் ஆன்டெனா கிடைத்தால் அதையே வாங்குங்கள். கேபினட்டிலிருந்து நகர்த்தி, கண்மட்டத்துக்கு வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இணையம் வேண்டும், அதற்கு இணையம் வேண்டும்

ஆன்டெனா சரி. அடையாளமே வரவில்லை என்றால்? அப்போது டிரைவர் பக்கம் வர வேண்டும். டிரைவர் என்பது குறிப்பிட்ட ஒரு சிப்பை எப்படி இயக்குவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் சின்ன மென்பொருள். விண்டோஸ் தன்னோடு நிறைய டிரைவர்களைக் கொண்டுவருகிறது என்றாலும், போர்டில் இருக்கும் சிப் அந்த விண்டோஸ் பதிப்பைவிடப் புதியதாக இருந்தால் அதற்கு ஆள் தெரியாது. டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு முதல்முறை அமைக்கும்போதே இணையம் கேட்பதால், புதிதாக ஏற்றுகிறவர்கள் அந்தத் திரையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வெளியே வர எளிய வழி உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்தான். சார்ஜர் கேபிளால் போனைக் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். போனின் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் அதைக் கேபிள் வழி வந்த இணையமாகவே எடுத்துக்கொள்ளும், இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளாக இருந்தால் இது நடக்காது, தரவும் போகும் கேபிள் வேண்டும். ஐபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் தனியாகத் தேவைப்படும் என்பதால், இந்த ஒரு வேலைக்கு வீட்டில் யாருடைய ஆண்ட்ராய்டு போனையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் ஒரு நெட்வொர்க் கேபிளைப் போட்டும் இதைச் செய்யலாம். இல்லையென்றால் வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவரை எடுத்துப் பென் டிரைவில் கொண்டுவரலாம்.

இணைப்பு கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். முடியாதபோது ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வைஃபை என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சிப் தெரிகிறது, டிரைவரும் இருக்கிறது. அங்கே இல்லாமல், 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று நின்றால், சிப் இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. நல்ல செய்திதான் இது. இரண்டும் இல்லையென்றால் விஷயம் பயாஸுக்கோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) அட்டைக்கோ போகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டிரைவரை மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில், உங்கள் போர்டின் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. வேண்டாத குப்பையையும் சேர்த்து இறக்கிவிடும். போர்டின் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அதே போர்டில் ஒரு தொகுதிக்கு ரியல்டெக் அட்டை, அடுத்த தொகுதிக்கு மீடியாடெக் அட்டை என்று மாறி வருவதால், இரண்டு மூன்று வைஃபை டிரைவர்கள் வரிசையாக நிற்கும். எது நம்முடையது?

அந்த மஞ்சள் முக்கோண வரியில் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெயில்ஸ்', அதில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' எடுங்கள். நீளமான ஒரு வரி வரும். அதன் ஆரம்பத்தில் 8086 என்று இருந்தால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10இசி என்றால் ரியல்டெக். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்டெல் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் 8086 என்பதால் அந்த எண் எனக்கு மறப்பதே இல்லை. ஏஎம்டி போர்டுகளில் 'ஆர்இசட் 616' என்ற பெயரில் வரும் அட்டைக்குள் இருப்பதும் மீடியாடெக் சிப்தான், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வைஃபை வேண்டும் என்று வைஃபை டிரைவரை மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். ப்ளூடூத் டிரைவர் தனி, அதையும் போடுங்கள். அட்டை ஒன்றுதான் என்றாலும் வைஃபை பிசிஐஇ (கார்டுகளுக்கான அதிவேகப் பாதை) வழியாகவும், ப்ளூடூத் யூஎஸ்பி வழியாகவும் போர்டோடு பேசுகின்றன. ப்ளூடூத் வேலை செய்கிறது, வைஃபை மட்டும் இல்லை என்று சிலர் சொல்வது இதனால்தான் சாத்தியமாகிறது.

அட்டையே தெரியவில்லை என்றால்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். 'ஆன்போர்டு டிவைசஸ்' போன்ற ஒரு பகுதியில் வைஃபை கன்ட்ரோலர் என்று இருக்கும், அது 'எனேபிள்' ஆக இருக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தும் விண்டோஸில் எதுவும் வரவில்லை என்றால், நேற்றுவரை ஓடிய வைஃபை திடீரென்று காணாமல் போயிருந்தாலும்கூட, இதைச் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேபிளைச் செருகி ஆன் செய்யுங்கள். ஷட்டவுன் செய்தாலும் போர்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், உறைந்துபோன அட்டை அதில் அப்படியே கிடக்கும். மின்சாரம் முழுக்க வடிந்த பிறகு அது புதிதாக எழுகிறது. செலவில்லாத வேலை என்பதால் கேபினட்டைத் திறக்கும் முன் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வரும், ஆனால் கெர்னல் சிப்பைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. உதாரணமாக இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டைக்கு 5.10 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னல் வேண்டும். புதிய பதிப்பை ஏற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முகப்பில் ரூட்டர், இரண்டாங்கட்டில் கம்ப்யூட்டர்

டிரைவரும் ஆன்டெனாவும் சரியாக இருந்தும் நம் ஊர்ப் பக்கம் வைஃபை இழுக்காமல் போவதற்கு வீடே காரணமாக இருக்கலாம். சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்கு எழுதப்பட்ட அறிவுரை கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீட்டுக்குப் பொருந்தாது. ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீளும் வீடு. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் வாசலோடு நின்று, முகப்பிலேயே ஓர் ஆணி அடித்து ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டரோ நடுமுற்றமான வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டில் ஓர் அறைக்குள் இருக்கும். நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த செங்கல் சுவர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ரூட்டர் பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4-இன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5-இன் அலைநீளம் அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் அதை நன்றாக விழுங்கிவிடும். 2.4 மெதுவானது, சுவர்களைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கம்ப்யூட்டர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாது. ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள், எது நிலையாக நிற்கிறது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

தேக்குக் கதவும் மரத் தூணும் அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்புத் தூண், விட்டம், உலோகத் தகடு வேய்ந்த மச்சு, பட்டாலைக் கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் பழைய பெல்ஜியம் கண்ணாடி, இவைதான் தடுக்கும். கண்ணாடி எப்படி என்று கேட்கலாம். முகம் தெரிவதற்காக அதன் பின்னால் பூசியிருக்கும் உலோகப் படலம் ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆள் உயரக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கம்ப்யூட்டர் இருந்தால் மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

வளவு நமக்குச் சாதகம். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட திறந்தவெளியில் அலைக்கும் தடையில்லை. ரூட்டரை முகப்பிலிருந்து எடுத்து, வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், சாரல் படாத உயரத்தில், எதிர்ப்பக்கம் நேராகத் தெரியும்படி வைத்தால் இரண்டாங்கட்டு வாசல்வரைக்கும் சிக்னல் நடந்து போகும். கதவுக்கு அருகே கம்ப்யூட்டர் மேசை இருந்தால், மேசைமேல் நிற்கும் ஆன்டெனாவைக் கதவுப் பக்கம் திருப்பி வையுங்கள். மர அலமாரிக்குள் ரூட்டரைப் பூட்டி வைப்பதாக இருந்தால் பரவாயில்லை, இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அதற்கும் எட்டவில்லை என்றால் என் கருத்து ஒன்றுதான்: கேபிள் இழுங்கள். மதர்போர்டில் கேபிள் துளை எப்படியும் இருக்கிறது, வைஃபை இருக்கிறது என்பதற்காக அதைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்வரை வேகம் குறையாமல் போகும். எவ்வளவு நீளமான வீடாக இருந்தாலும் அதற்குள் முடிந்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தோண்ட வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சையும் உடைக்க வேண்டாம். தாழ்வார விட்டத்தின் மேலாக, மர நிலையை ஒட்டிக் கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். கேபிளின் மறுமுனையில் இன்னொரு சின்ன ரூட்டரை அக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை அங்கே வைஃபையாகப் பரப்பும்படி வைத்தால், கம்ப்யூட்டருக்குக் கேபிளும் கிடைக்கும், சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோ காலில் வரும்போது அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் போனுக்கு வைஃபையும் கிடைக்கும்.

அட்டை மாற்றும் நேரம்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் அட்டை தெரியவில்லை என்றால் அது பழுதாக இருக்கலாம். போர்டு வாரண்டியில் இருந்தால் கேபினட்டைத் திறக்காமல் கடைக்கே கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்திருந்தால் அட்டையை மட்டும் மாற்றலாம். எம்.2 எனப்படும் சின்னத் துளையில் ஒற்றை ஸ்க்ரூவோடு இருக்கும் அட்டை அது. வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் அட்டைகளில் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பாதி வேலையைப் போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்டிடம் விட்டுவிடுகிற வகை. அவை ஏஎம்டி போர்டில் ஓடவே ஓடாது, எல்லா இன்டெல் போர்டிலும் ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்குபவை, இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். எண்ணில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம் என்பதால் கடையில் எடுத்துக் கொடுப்பவரும் தவறலாம், உறையில் அச்சிட்டிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

வைஃபைக்கான எம்.2 துளையே இல்லாத போர்டுக்கு, பிசிஐஇ துளையில் செருகும் வைஃபை கார்டு நல்ல வழி. அதோடு ஒரு மெல்லிய யூஎஸ்பி கேபிள் வரும், அதைப் போர்டின் உள்ளே இருக்கும் யூஎஸ்பி ஊசிகளில் மாட்ட வேண்டும். கார்டைச் செருகிவிட்டு அந்தக் கேபிளை உறையிலேயே விட்டுவிட்டால் வைஃபை வரும், ப்ளூடூத் வராது.